ஈஸ்டருக்கு முயல் கறி

ஜெயசீலி நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அடுத்த வருடம் தம்பி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தான். மாப்பிள்ளை ஞானதாஸுக்கு ஐம்பத்தொன்று. எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மனைவி சகாயராணி மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. மகள் பவுலினைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் ஸ்டீபன்ராஜுக்குக் கோயம்புத்தூரில் வேலை.

"பிக்கல் பிடுங்கல் இல்லாத வீடுக்கா," என்றான் தம்பி.

பிக்கல் பிடுங்கல் இல்லைதான். காலை எட்டரைக்கு ஞானதாஸ் தூக்குச்சட்டியோடு கடைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, அதிர்ந்து ஒரு சொல் கிடையாது. பல நாள் சொல்லே கிடையாது. வந்தால் குளிப்பார், செய்தி பார்ப்பார், சாப்பிடுவார், படுப்பார். நத்தத்தில் அம்மாவாவது மணிக்கொரு தரம் "சீலி, சீலி" என்று முனகிக்கொண்டிருப்பாள். இங்கே சுவர்க்கடிகாரம் ஓடுவது அடுப்படிவரை கேட்டது.

கொல்லையில் ஒரு முயல் கூண்டு இருந்தது. எப்போதோ ஒரு தோட்டக்காரர் மோட்டார் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த சந்தோஷத்தில் ஒரு ஜோடி முயலைத் தந்துவிட்டுப் போனாராம். அது பெருகிப் பெருகி, இப்போது ஆறு நின்றன. எல்லாம் வெள்ளை, சிவப்புக் கண். ராணி பார்த்துக்கொண்டவை. அவள் போனபிறகு ஞானதாஸ் கடமைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சீலி வந்ததும் அந்த வேலை அவளுடையதாயிற்று. காய்கறிக் கடையில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையைப் பை நிறைய வாங்கி வருவாள். வேலியில் கல்யாண முருங்கையை ஒடித்துப் போடுவாள். போட்டுவிட்டுக் கூண்டுக்கு முன்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டால் மதியம் கழிந்துவிடும். தண்ணீர் வராதது, தம்பி கடிதம் போடாதது எல்லாவற்றையும் அவற்றிடம் சொல்லுவாள். முயல்கள் சத்தம் போடாத ஜாதி. மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டு கேட்கும்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வந்து, குருத்தோலையைச் சிலுவையாக முடைந்துகொண்டே ஞானதாஸ் சொன்னார்.

"ஈஸ்டருக்குப் பிள்ளைக ரெண்டும் வாரேன்னு சொல்லியிருக்கு. முயல் கறி வச்சிரு."

சீலி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ராணி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வைப்பா. அவ போனதுல இருந்து ரெண்டு வருசமா இல்ல. பவுலினு போன்ல அதைத்தான் கேட்டா."

"கோழிக்கு வைக்கிற மாதிரிதானங்க?"

"கோழி மாதிரி இல்ல," என்றார். எப்படி என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

முயல் கறி சீலிக்குப் புதிதில்லை. சின்ன வயதில், கடலைக் காட்டில் கண்ணி வைத்துப் பிடித்த முயலை யாராவது அப்பாவுக்குக் கொடுப்பார்கள். அம்மா வீட்டுக்கு வெளியே அடுப்புக் கூட்டி வைப்பாள். சீலியும் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறாள். அது காட்டில் ஓடியது. இது அவள் கையிலிருந்து இலை வாங்கித் தின்பது. தெருவிலும் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "உங்க வீட்ல அந்த வெள்ளை முயலத் திம்பீகளாமே, உரிச்சா பூனை மாதிரி இருக்குமே," என்று முகத்தைச் சுளித்தாள். பின்னால் நின்றவள், மூச்சிரைப்புக்கு அதைவிட மருந்து இல்லை என்றாள். பிள்ளைத்தாச்சி தின்றால் உதடு பிளந்து பிள்ளை பிறக்கும் என்றாள் இன்னொருத்தி. சீலி சர்க்கரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழனன்று அவள் பின்சுவரை ஒட்டிய வீட்டுக்குப் போனாள். அது ஷரீஃபாவின் வீடு. சீலியைவிட நான்கைந்து வயது மூத்தவள். புருஷன் ஜெகபர் அலி தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ராணியும் அவளும் நல்ல சிநேகம் என்று சீலி கேள்விப்பட்டிருந்தாள். அதனாலேயே அதுவரை அந்தப் பக்கம் போகக் கூசினாள்.

"அக்கா, ராணியக்கா முயல் கறி எப்படி வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஷரீஃபா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மொத தடவை அவளும் இப்படித்தான் வந்து நின்னா. எங்க மார்க்கத்துல அது கூடும்னுதான் சொல்றாங்க. ஆனா எங்க வீட்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க, எனக்கென்ன தெரியும்? ஆட்டுக்கறிக்கு நான் அரைக்கிற மசாலாவைச் சொன்னேன். அதையே வச்சா. அந்த வீட்டு ஆளுக அதைத்தான் ராணி கைப்பக்குவம்னு சொல்லிட்டுத் திரியிறாங்க."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கறியைப் புளித்த மோரில் ஒரு மணி நேரம் ஊறப்போட வேண்டும், அப்போதுதான் வாடை போகும். தக்காளி கூடாது. மல்லியும் மிளகும் சோம்பும் வறுத்து, கசகசாவும் தேங்காயும் சேர்த்து அரைக்க வேண்டும். சின்ன வெங்காயம் கைநிறைய. கொழுப்பில்லாத கறி, பெருந்தீயில் வைத்தால் நார் நாராகிவிடும். மூடி போட்டு மெதுவாக வேகவிட வேண்டும்.

"உப்புப் பாக்க மட்டும் அவ என்னையக் கூப்புடுவா," என்றாள் ஷரீஃபா. "நான் மாட்டேம்பேன். கடைசியில மோந்து பாத்தே கணக்குப் போட்டுக்கிடுவா."

"ஏன், அவங்களே பாக்க வேண்டியதுதானே?"

"அவ எங்க திம்பா? ஒரு நா ஒரு பொழுது வாயில வச்சதில்ல. குட்டியில இருந்து வளத்தது, தொண்டையில எறங்காதும்பா. உங்க வீட்டுக்காரர் அறுக்கிறப்ப இங்க வந்து உக்காந்துக்கிடுவா. எல்லாரும் தின்னு முடிச்சதும் எங்கிட்ட நாரத்தங்கா ஊறுகா வாங்கிட்டுப் போயி, மோரை ஊத்திக் கரைச்சுக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுவா. ஈஸ்டரும் அதுவுமா."

"வீட்ல சொல்லலியா?"

"கேட்டாத்தானே சொல்லுவா," என்றாள் ஷரீஃபா.

ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஞானதாஸ் இரண்டு முயல்களை எடுத்தார். எதை எடுக்கட்டும் என்று அவர் கேட்பார் என சீலி நினைத்திருந்தாள். கேட்கவில்லை. அவள் ஷரீஃபா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஷரீஃபா ஒரு டம்ளர் டீ கொடுத்தாள். திரும்பி வந்தபோது கறி துண்டாகிச் சட்டியில் கிடந்தது.

சொன்னபடியே செய்தாள். மோரில் ஊறவைத்தாள், அரைத்தாள், மூடி போட்டு வேகவிட்டாள். உப்புப் பார்க்கும் நேரத்தில் கரண்டியைக் கையில் எடுத்து, உதடுவரை கொண்டுபோய், கீழே வைத்துவிட்டாள். ஆவியை மோந்து பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள்.

மதியம் ஞானதாஸும் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் இருவரும் பந்திப்பாயில் உட்கார்ந்தார்கள். சீலி பரிமாறினாள். முதல் வாய் வைத்ததும் ஸ்டீபன்ராஜ் அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா, அப்படியே அம்மா வச்ச மாதிரி இருக்குப்பா."

ஞானதாஸ் தலையை ஆட்டினார். பவுலின் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, எச்சில் கையோடு கொல்லைக்குப் போய்விட்டாள். அவள் அழுவது அடுப்படிவரை கேட்டது. ஸ்டீபன்ராஜ் எழுந்து பின்னாலேயே போனான். அண்ணனும் தங்கையும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று எதையோ பேசினார்கள். சீலி கரண்டியும் கையுமாக நின்றாள். போய்த் தேற்றலாமா என்று ஓரடி வைத்தாள். அவர்கள் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றுவிட்டாள்.

"நீயும் உக்காரு," என்றார் ஞானதாஸ். "சூடு ஆறிரும்."

"நான் சாப்பிடலங்க. மோர் ஊத்திக்கிடுறேன்."

"ஏன்?"

"மனசு ஒப்பல."

அவர் ஒரு எலும்பை உறிஞ்சிவிட்டு ஓரமாக வைத்தார். "நல்லாத்தானே இருக்கு. ராணி அம்புட்டு ஆசையாச் சாப்பிடுவா."

சீலி சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"நீங்க பாத்தீங்களா?"

"எதை?"

"அவங்க சாப்பிட்டு."

"பாக்காம என்ன? பதினஞ்சு வருசம்..." என்று ஆரம்பித்தவர் நின்றார். சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. அவர் கண் சுவரில் மாட்டியிருந்த ராணியின் படத்துக்குப் போய், அங்கிருந்து அடுப்படி வாசலுக்குப் போய், திரும்பி வந்தது. "அவ கடைசியாத்தான் சாப்பிடுவா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நாங்கள்லாம் தின்னுட்டுப் படுத்துருவோம்."

சீலி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"ஷரீஃபாக்கா."

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

பிள்ளைகள் திங்கட்கிழமையே கிளம்பினார்கள். போகும்போது பவுலின் வாசலில் நின்று, "கஷ்டப்பட்டு வச்சீங்க சித்தி, மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். சீலி, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் ஞானதாஸ் அவளிடம் என்னவோ கேட்க வருவதுபோல வந்து, கேட்காமல் போனார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு சீலி மட்டும் போனாள். வரும் வழியில் வழக்கம்போல முட்டைக்கோஸ் இலை வாங்கிக்கொண்டாள். கொல்லைக் கதவைத் திறந்தால் கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே புழுக்கை மட்டும் இருந்தது. துவைக்கிற கல்லில் ஞானதாஸ் உட்கார்ந்திருந்தார்.

"நாலையும் குஜிலியம்பாறைக்காரர் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டேன். டெம்போவுல ஏத்திட்டுப் போயிட்டாரு," என்றார். "இனி இந்த வீட்ல முயலே வேணாம். அவளுக்கும் புடிக்கல, உனக்கும் புடிக்கல."

சீலி பையைக் கீழே வைத்தாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீதானே மனசு ஒப்பலைன்னே?"

"கறிதாங்க வேணாம்னேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்க வைக்க வேண்டுமென்றால் இந்த ஏழு மாத மதியங்களையும் சொல்ல வேண்டும். முயல்களிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று ஒரு மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூண்டின் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

"சீலி," என்றார் அவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். அவள் திரும்பினாள்.

"ஈஸ்டர் அன்னிக்கு அவ என்னத்தச் சாப்பிடுவா? பின்வீட்டு அம்மா சொன்னாங்களா?"

"மோர் ஊத்திக்கிடுவாங்களாம். ஊறுகா வச்சு."

"எந்த ஊறுகா?"

"நாரத்தங்கா."

"நாரத்தங்கா," என்று அவரும் சொன்னார். இன்னும் எதையாவது அவள் சொல்வாள் என்று காத்திருப்பவர்போல முகத்தையே பார்த்தார். சொல்ல அவளிடம் வேறொன்றும் இல்லை. ராணியை அவள் பார்த்ததுகூட இல்லை. சோறு வடிக்க நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.

அடுத்த வருட ஈஸ்டருக்கு ஞானதாஸ் ஆட்டுக்கறி எடுத்து வந்தார். பவுலினுக்கு அது பிரசவ மாதம், வரவில்லை. ஸ்டீபன்ராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. சீலி அதே மசாலாவை அரைத்து வைத்தாள். பரிமாற வந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, முதல் தட்டை அவளுக்கு அவரே போட்டார்.

"நீ சாப்பிடு, நான் பாத்துட்டுச் சாப்பிடுறேன்."

அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்று விழுங்கும்வரை அவர் கண்ணெடுக்கவில்லை. அந்தப் பார்வை யாரைத் தேடுகிறது என்று சீலிக்குத் தெரிந்தது. கறி நன்றாகத்தான் வெந்திருந்தது. அடுத்த வாயையும் பிசைந்தாள்.