நான் கழுவாத வண்டி

இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூறு. பெயிண்டர் ஒருவர் குடும்பத்தோடு எங்கள் யார்டுக்குள் நுழைந்த காலையில் நான் முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. அறுநூறைக்கூட விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் ஐந்து மாதமாக அந்தக் கடனோடுதான் படுத்தேன், அதோடுதான் எழுந்தேன்.

எங்கள் யார்டில் பழைய வண்டி வாங்கி விற்கிறார்கள். வாங்குவது முதலாளி, விற்பதும் முதலாளி. நடுவில் அதைப் புதுசு மாதிரி ஆக்குவது நானும் சோப்பும். சோப்பு என்பது என்னோடு வேலை செய்கிற ஆள். ஒரு மூடி ஷாம்பு போதும் என்கிற இடத்தில் அரை பாட்டிலைக் கவிழ்ப்பான். அதனால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் சீட்டைக் கழுவுகிறோம், எஞ்சினுக்குத் தண்ணீர் அடிக்கிறோம், டயருக்குக் கறுப்புப் பூசுகிறோம். எந்த வண்டி எங்கே அடிபட்டது, எதில் யார் வாந்தி எடுத்தார்கள், எது வெள்ளத்தில் மூழ்கியது, எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததை அழிக்கத்தான் சம்பளம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க ஒரே வழி இருந்தது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுக்க வேண்டும். சுருண்டு உள்ளே கிடக்கிற கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். ஒருமுறை ஒரு கஸ்டமர் அப்படி இழுத்துப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டார். முதலாளி என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார். அதற்கப்புறம் நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி நிறுத்தி, சோப்புத் தண்ணி வாளியில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டால் கோடு போய்விடும். சோப்புக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலாளி அன்றைக்கு எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவள், நடுவன், கடைக்குட்டி. நாங்கள் ஐந்து பேரும் ஒரே பைக்கில் போவோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், நாங்களும் சிரிப்போம். நான்காவது முறை வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஸ்கேன் எடுக்கப் போனோம். டாக்டரம்மா இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு மாசமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பிள்ளை."

வெளியே பைக் பக்கத்தில் வந்து நின்றோம். என் வீட்டுக்காரி பைக்கைப் பார்த்தாள். "எங்கே வைப்பீங்க? ஹேண்டிலுக்கு ஒண்ணு தொங்கவிடுவீங்களா?" சிரித்தாள், பிறகு அழுதாள். கடைக்குட்டி நடுவில் புகுந்து, "அப்போ என்னை இனிமே என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றாள்.

வாரம் ஒருமுறை காட்ட வேண்டும், பிறந்த பிறகும் அலைய வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ் கிடையாது. மாமியாரும் துணைக்கு வந்துவிட்டார். ஆக எட்டுப் பேர். எட்டுப் பேர் உட்கார ஒரு மினி வேன் வேண்டும், அது வழியில் நிற்காத வேனாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் வண்டிகளோடு கிடக்கிறவன், எனக்குத் தெரியாததா?

தெரிந்ததுதான் தொல்லை. யார்டில் அப்போது ஆறு மினி வேன் நின்றன. நீலத்தைப் பார்த்தால், முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி. ஒட்டின தழும்பின்மேல் கார்பெட்டைப் பரப்பினவன் நான். வெள்ளையில் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பும்போது டார்ச் பிடித்தவன் நான். சாம்பல் நிற வண்டியின் எஞ்சினில் எண்ணெய் கசிகிற இடத்தைத் தினம் துடைத்துவிடுகிறவனும் நான்தான். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நிற்பேன். என் கையே என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். நான் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது வாசல் பக்கமாக ஏழாவது வேன் ஒன்று நின்றது. அரக்குச் சிவப்பு. சோப்பு கழுவி முடித்து வெயிலில் விட்டிருந்தான். அந்த வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அதைப் பார்ப்பது பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நல்ல வண்டி மாதிரி இருந்தது.

முறைப்படி எல்லாம் பார்த்தேன். கீழே படுத்துப் பார்த்தேன். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

சோப்பு இரண்டு வண்டி தள்ளி வாளியோடு நின்றுகொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம். பைக்கை விற்றது பதினாலாயிரம், மனைவியின் தோடு ஆறாயிரத்து நானூறு. மிச்சத்தை மாதம் ஐயாயிரமாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக முதலாளி பத்திரம் எழுதினார். எனக்கு எழுத்து வந்ததே முப்பத்தைந்து வயதில்தான். பெரியவள் ஒன்றாம் வகுப்பு படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பத்திரத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"பொறுமையா படிப்பா. நான் அடுத்த மாசம் வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன்" என்றார் முதலாளி. சோப்புகூடச் சிரித்தான். பத்திரத்தில் ஒரு தப்பும் இல்லை.

நான்கு மாதம் ராஜா மாதிரி இருந்தோம். பிரசவத்துக்கு அந்த வேனில்தான் போனோம். இரண்டும் பையன்கள், எலிக்குஞ்சு மாதிரி. மாமியார் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "மாப்ளே, இந்த வண்டிக்கு உங்களைவிட நல்ல குணம்" என்பார். கடைக்குட்டிக்கு ஜன்னல் ஓரம். மழை பெய்தால் மட்டும் உள்ளே ஒரு வாசம் வரும். குழந்தைகளின் பால் வாசம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம், குழந்தைகளுக்கு ஊசி போட்டுத் திரும்பி வருகிறோம். மத்தியானம் ஒரு மணி, பெரிய ரோட்டில் எஞ்சின் செத்துவிட்டது. ஓரமாக உருட்டி நிறுத்தி, இறங்கி முன்மூடியைத் திறக்கப் போனேன். சாவியை உள்ளேயே விட்டு என் கதவைச் சாத்தினதும் டக் என்று ஒரு சத்தம். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன.

"திற" என்றேன். பெரியவள் முன்னால் தாவி வந்து குமிழை இழுத்தாள். இழுத்தால் மேலே வந்தது, விட்டால் டக்கென்று விழுந்தது. அவள் இழுக்கிறாள், அது விழுகிறது. இழுத்துப் பிடித்தபடியே கதவைத் தள்ளச் சொன்னேன், அதற்குள் கையை உதறிவிட்டு மறுபடி விழுந்தது. கண்ணாடியை இறக்குகிற பட்டனுக்கு உயிரே இல்லை. வெயில் நேராக மேலே. உள்ளே ஏழு பேர். மனைவியின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. சின்னவன்களில் ஒருவன் அழுவதை நிறுத்திவிட்டான்.

ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்து அடித்தேன். கார்க் கண்ணாடி அவ்வளவு லேசில் உடையாது. ஒன்பது அடி அடித்தேன். ஒன்பதாவதில் பொலபொலவென்று எல்லார் மேலும் கொட்டியது. இரட்டையில் இளையவனின் புருவத்துக்கு மேல் கிழித்துவிட்டது. நான்கு தையல்.

மறுநாள் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். அடியில் ஒரு கை அளவுக்கு வண்டல், காய்ந்து மாவாகக் கிடந்தது. ஒயர் எல்லாம் பச்சை பூத்திருந்தது.

சோப்பிடம் போய்க் காட்டினேன். "மச்சான், இது என்ன?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீ பெல்ட்டை இழுத்துப் பார்த்தியே."

"பெல்ட் சுத்தமா இருந்துதேடா."

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதானே கழுவினேன்."

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். என் கையிலும் அவன் கையில் இருந்த அதே ஷாம்பு வெடிப்புகள்தான். இறக்கிவிட்டேன்.

வீட்டில் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நான் அதுல ஏற மாட்டேன். இன்னொருத்தர் பிள்ளையும் அதுல ஏறக்கூடாது. உடைச்சு இரும்புக்குப் போட்டுடுங்க." போடுகிறேன் என்றேன். இரும்புக்கடையில் முப்பதாயிரத்துக்குக் கேட்டார்கள். மிச்சத்துக்கு இன்னும் மூன்று வருடம் என் சம்பளம் போகும். பதிமூன்றாயிரத்தில் ஐயாயிரம் போனால் எட்டு. வாடகை நாலு. இரண்டு குழந்தைக்குப் பால் பவுடர் மட்டும் மூன்று. மாமியார் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம், நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அவருக்கு நெஞ்சு கரிக்கவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வண்டியைக் கொண்டாந்து விடு. கண்ணாடியை நான் மாத்திக்கிறேன், ஒயரைச் சுரண்டி ஒட்டினா இப்போதைக்கு ஓடும். வித்துட்டா உன் பாக்கி முழுக்கத் தள்ளுபடி. நீ கட்டின பணத்தை மட்டும் கேட்காதே."

"வாங்குறவங்க கிட்ட என்ன சொல்றது?"

"உன்னை நான் பொய் சொல்லச் சொல்லலையே. வேலை செய்யிற ஆளே வீட்டுக்கு வச்சிருந்த வண்டின்னு சொல்லு. அது நிஜம்தானே?"

மூன்று நாள் அந்த வண்டியை நானே கழுவினேன். சீட் இடுக்கில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை விரலால் பொறுக்கினேன். ஒட்டியிருந்த ரத்தத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். எலுமிச்சை வாசம் அடித்தேன். சோப்பு பக்கத்தில் வரவே இல்லை.

நான்காம் நாள்தான் அந்தப் பெயிண்டர் வந்தார். காது மடலில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. கூட மனைவி, இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்து மூன்று. ஆறு வேனையும் தாண்டி நேராகச் சிவப்பிடம் வந்தார்கள். முதலாளி என் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

"அண்ணே, உங்க வண்டியாமே?"

"ஆமாங்க. அஞ்சு மாசம் வீட்டுக்கு வச்சிருந்தேன்."

"உங்க வீட்ல எத்தனை பேர்?"

"எட்டுப் பேர். பிரசவத்துக்கே இதுலதான் போனோம்."

அந்த அம்மா முன்சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாகக் கடைசி வரை இழுத்தாள். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"அப்புறம் ஏண்ணே குடுக்குறீங்க?"

"பணமுடை" என்றேன். அதுவும் நிஜம்தான்.

அவர் என் கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். தன் கையையும் பார்த்துக்கொண்டார். "முதலாளிமார் பேச்சை நம்ப முடியாதுண்ணே. நம்மளை மாதிரி ஆளு சொன்னா நம்பலாம். நம்பி எடுக்கலாமா?"

அவருடைய சின்ன மகள் ஏற்கெனவே ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். என் கடைக்குட்டி உட்கார்ந்த அதே இடம். உண்மை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. மாமியாரின் ராத்திரித் தட்டும் கூடவே வந்தது.

"எடுத்துக்கோங்க" என்றேன்.

அவர் பணம் கட்ட உள்ளே போனார். நான் கழுவுகிற கொட்டகைக்கு ஓடி, கருவிப் பெட்டியிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துவந்து, டிரைவர் சீட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினேன். பின்சீட்டிலிருந்து எட்டும்படி இருக்கிறதா என்று உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன்.

"இது என்னண்ணே?"

"இது எப்பவும் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். என்னைக்காவது கதவு திறக்கலைன்னா கண்ணாடியோட மூலையில அடிங்க. நடுவுல அடிச்சா உடையாது. பிள்ளைங்க முகத்தை முதல்ல துணியால மூடிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டு, "பாரேன், சொந்தத் தம்பிக்குச் சொல்ற மாதிரி சொல்றாரு" என்றார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிள்ளைகள் நான்கும் கை ஆட்டின. வண்டி கேட்டைத் தாண்டி வளைவில் மறைகிறவரை எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே சீராகத்தான் போனது.

முதலாளி அறையிலிருந்து கூப்பிட்டார். பத்திரத்தை எடுத்து, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, கீழே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு என் பக்கம் நகர்த்தினார். இந்தத் தடவை கேலி ஒன்றும் செய்யவில்லை.

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தார். தப்பில்லாமல்தான் எழுதியிருந்தார்.