அம்மா போடாத உப்பு

நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு ஹங்கேரிக்குத் திரும்பியதும் நான் முதலில் போன இடம் எங்கள் வீடு அல்ல, வில்மாவின் ரொட்டிக்கடை. வீட்டில் யாரோ குடியேறி எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டார்கள். நாசமாய்ப் போகட்டும். எனக்கு வேண்டியது அம்மாவின் சிவப்புச் சட்டி ஒன்றுதான். அவள் கை பட்ட பொருள் வேறு எதுவும் மிச்சமில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் தெருவிலிருந்த யூதர்கள் எல்லாரும் சோலெட் சட்டியை வில்மாவின் அடுப்பில் கொண்டுபோய் வைப்போம். பீன்ஸும் பார்லியும் வாத்துக்கறியும் விடிய விடிய வேகும். அடையாளத்துக்குக் கைப்பிடியில் துணி கட்டுவோம். எங்களுடையது என் பழைய நீலப் பாவாடையின் கிழிசல்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகுதான் உப்புப் போடவில்லை என்று அம்மாவுக்கு உறைத்தது. விளக்கேற்றியதோடு ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, இனி சட்டியைத் தொட முடியாது. மறுநாள் விடிந்ததும் போலீஸ் வந்து தெருவிலிருந்த யூதர்கள் எல்லாரையும் அடைத்துவைக்கச் செங்கல் சூளைக்கு ஓட்டிக்கொண்டு போனது. மூன்று வாரம் கழித்துச் சரக்கு ரயிலில் அடைத்தார்கள்.

சூளையிலும் ரயிலிலும் அம்மாவுக்கு ஒரே புலம்பல். "ஐயோ, உப்பே போடலையே! வாயில வெச்சவங்க என்னடி நினைப்பாங்க?"

முகாமில் ரயிலை விட்டு இறங்கும்போதும் ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உப்பு உப்புன்னு உயிரை எடுக்காதம்மா!" என்று கத்தினேன்.

அவளை இடப்பக்கம் அனுப்பினார்கள், என்னை வலப்பக்கம். இடப்பக்கம் போனவர்கள் அன்று மாலைக்குள் சாம்பல். நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

வில்மா என்னைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள். "அடி ஹெர்மினா! உங்களையெல்லாம் மொத்தமா முடிச்சிட்டாங்கன்னுல்ல சொன்னாங்க?"

"கொஞ்சம் மிச்சம் வெச்சிட்டாங்க. எங்க சட்டியைக் குடுங்க."

"உங்க சட்டின்னு எதை வெச்சுடி சொல்றே?"

நீலத் துணியைக் காட்டினேன். அது கட்டினபடியே இருந்தது. சட்டி நிறையப் பன்றிக்கொழுப்பு. அதை அவள் சொட்டு விடாமல் வேறு பாத்திரத்துக்கு வழித்து மாற்றும்வரை காத்து நின்றேன். வழித்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு இருந்த சட்டியெல்லாம் நாங்கதான் தின்னோம். சோத்தை வீணாக்கலாமா? உங்கம்மா ஆக்கினதுலதான் உப்பே இல்லடி! அவ கை மணம் இவ்வளவுதானான்னு சிரிச்சோம். அப்புறம் நானே ஒரு கை அள்ளிப் போட்டேன்."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அம்மா உப்பிடவில்லை. அதனால்தான் இவளுக்கு அவளை நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை போலிருக்கிறது. வில்மாவின் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. வெட்கங்கெட்டுப்போய்க் கேட்டேன்.

"போட்டப்புறம் நல்லா இருந்துச்சா?"

"நல்லாவா? வழிச்சு நக்கிட்டோம்!"

பன்றிக்கொழுப்புப் பட்ட சட்டியில் எங்கள் முறைப்படி சமைக்கக் கூடாது. நான் சமைக்கிறேன். முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர் உப்புக் கரிக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார். சுளிக்கட்டும். அம்மா பங்கையும் சேர்த்துத்தான் போடுகிறேன்.