ஏழாம் தொட்டி மீனின் படம்

ஜீயபுரத்துக் குளங்களில் ஜிலேபிக் கெண்டை உள்ளங்கை அளவுக்கு மேல் வளராது. அதற்குள் குஞ்சு பொரித்துக் குளத்தையே நிரப்பிவிடும். குளத்தில் ஆணோ பெண்ணோ ஒரே பால் மீனாக விட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதற்காகத்தான் திருச்சிக் கல்லூரி ஒன்றின் சிமெண்டுத் தொட்டிகளோடு நான்கு வருடம் மல்லுக்கட்டினேன்.

குஞ்சின் வயிற்றிலுள்ள செல்கள் முட்டையாவதா விந்தாவதா என்று முடிவாகும் முன்பே, தீனியில் ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுப்பேன். பெண்ணாகப் பிறந்த குஞ்சும் ஆணாகிவிடும். எது பிறவி ஆண், எது மாற்றிய ஆண் என்று அறுத்துப் பார்த்தாலும் தெரியாது. பெண்ணோடு சேர்த்து, பிறக்கும் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும். அத்தனையும் பெண் என்றால் தகப்பன் மாற்றிய ஆண்; குளத்துக்கு வேண்டிய ஒரே பால் குஞ்சுகளும் அவைதான். பதினோரு மீன்களில் ஏழாம் தொட்டி மீன் ஒன்றுதான் அப்படி அமைந்தது. அதனிடம் இன்னொரு முறையும் குஞ்சு எடுத்தால்தான் என் ஆய்வேடு நிற்கும்.

1984 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தார்கள்.

"அமலராணி, ஏழாம் நம்பரை அறுத்துக் காட்டும்மா. அசந்துடுவாங்க" என்றார் என் வழிகாட்டி சவரிநாதன் சார்.

"அது செத்துட்டா என் தீசிஸே போச்சு சார்."

"ஒரு மீனுக்குப் போய் அழுவாங்களா?"

அவரையே தொட்டியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. ஹார்மோனே தொடாத மூன்றாம் தொட்டி ஆணைப் பிடித்து வந்து, ஏழாம் நம்பர் என்று சொல்லி அறுத்தேன். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர்கள் பெண்ணாகப் பிறந்த மீனுக்குள் விந்துப்பையா என்று இரண்டு நிமிடம் வியந்தார்கள். சார் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பத் தயாரானார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், பொய் சொன்ன வாயில் நன்மை அப்பம் வாங்காமலே திரும்பினேன். திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"நல்ல பொண்ணும்மா நீ. பொய்ப் படம் போடக்கூடாதுதான். அப்போ நிஜத்தையே எடுத்துடுவோம்."

நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். விலக்கிவிட்டு, அவரே வலையைப் போட்டு ஏழாம் நம்பரைப் பிடித்து அறுத்துப் படம் எடுத்தார். அதனோடு சேர்க்கப் பெண் மீனை அன்றைக்குத்தான் விட்டிருந்தேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மீனில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஒரே ஒரு முறை எடுத்த குஞ்சுகள் போதாது என்று ஆய்வேடு திரும்பி வந்தது. அதே மாதம் பத்திரிகையும் வந்தது. பிரித்தேன். அன்று நான் அறுத்தபோது வைத்த என் அளவுகோல் ஓரத்தில் கிடந்தது; அதில் இருந்தது மூன்றாம் தொட்டி மீனின் படம்.

"இதை ஏன் சார் போட்டீங்க?"

"அதுதாம்மா தெளிவா விழுந்திருந்துச்சு" என்றார்.