பள்ளப் பாலத்தின் மூன்றாவது கால்

ராயக்கோட்டை ரோட்டில் பள்ளத்தைத் தாண்ட வெள்ளைக்காரன் கட்டிவைத்த உயரப் பாலம், ஒரு மழையில் பெயர்ந்து, டிக்கெட் வாங்காமலே தென்பெண்ணை வழியாகக் கடலூர் போய்ச் சேர்ந்தது. அங்கே மீன்காரர்கள் அதன்மேல் வலை காயப்போட்டார்களாம். அடுத்துக் கட்டியது அவ்வளவு தூரம் போகச் சோம்பல்பட்டு, திறப்பு விழா மாலை வாடுவதற்குள் நின்ற இடத்திலேயே படுத்துவிட்டது.

மண் சுமக்கும் முனிவேலுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. முதல் பாலம் பெயர்ந்த மழையில் காய்ச்சல் கண்டு அவனுடைய மூத்தவன் போனான். இரண்டாவது விழுந்த மாதம் அடுத்தவள் போனாள். பாலம் காவு கேட்கிறது என்று ஊரே சொன்னது; அவனும் நம்பினான். மிச்சம் இருப்பது சென்னம்மா ஒருத்திதான். இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள்.

அறுபத்தெட்டில் மறுபடி பாலம் எழும்பியது. தூண்களை மேஸ்திரி கோவிந்தப்பன் ‘கால்’ என்பார். இன்ஜினியர் நாராயணப்பன் மைசூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்குப் புதிது. ஒரு சாயங்காலம் அவர் மேஸ்திரியிடம் சொன்னது முனிவேல் காதில் இப்படி விழுந்தது.

“மூணாவது பில்ல நாளைக்குக் குழியில எறங்கிடணும் மேஸ்திரி. யாரு அழுதாலும் நிறுத்தாதீங்க.”

முனிவேல் வீட்டில் பேச்சு தெலுங்கு. பில்ல என்றால் குழந்தை.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினான். பெண்டாட்டி பூவம்மாளையும் குழந்தையையும் இழுத்துப் போய்ச் சூளகிரி பஸ்ஸில் ஏற்றினான்.

“என்னய்யா ஆச்சு, சொல்லித் தொலையேன்!”

“எறங்காத. பஸ்ஸே நின்னாலும் எறங்காத.”

விடிந்ததும் அவனே குழியில் இறங்கி, கம்பிகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“என்னைப் போட்டு மூடுங்க சாமி. என் பில்ல ஒரு கூடை மண்ணு கனங்கூட இல்ல. அத வெச்சா பாலம் நிக்காது.”

இன்ஜினியருக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு கன்னடம் கலந்து கத்தினார். “பில்லர் கணய்யா, பில்லர்! தூணு! உன் புள்ளைய யாரு கேட்டாங்க?”

“காலைச் சொல்றாருடா, கிறுக்கா!” என்றார் மேஸ்திரி.

வேலையாட்கள் சிரித்த சிரிப்பில் கோட்டை மலைப் பாறை ஒன்று உருண்டதாகக் கேள்வி. முனிவேல் அண்ணாந்து பார்த்தான்.

“அப்போ பாலம் காவு கேக்கலயா?”

“அது சிமெண்டுதாண்டா கேக்குது. அதையே போன கான்ட்ராக்டர் முழுசாப் போடல. அதான் விழுந்துச்சு. மேல வா.”

“அப்போ எங்க ரெண்டும் எதுக்கு மேஸ்திரி போச்சு?”

சிரிப்பு நின்றது. மேலே சட்டிகளில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. முனிவேல் கம்பிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தான்.