இடது தோள்

அந்த அமெரிக்க வண்டி வந்ததிலிருந்து வில்லியமின் வெள்ளைச் சட்டைகளெல்லாம் இடது தோளில் மட்டும் நைந்துபோக ஆரம்பித்தன. அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். துணி எங்கே நைகிறது, ஏன் நைகிறது என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மூன்று சட்டைகளுக்கும் இடது தோளில் உள்பக்கமாக ஒட்டு வைத்துத் தைத்தாள். தைக்கும்போதெல்லாம் அந்த வண்டியை வாய் வலிக்கத் திட்டினாள்.

திட்ட வேண்டிய வண்டிதான். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சண்முகவேல் முதலாளி, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கியது. தெருவை அடைக்கிற நீளம். நம் ஊர் வண்டிக்கு வலது பக்கம் இருக்கிற ஸ்டீயரிங் அதற்கு இடது பக்கம். அது போதாதென்று, முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள், கதவுப் பக்கத் தோளிலிருந்து குறுக்கே இறங்கும் பெல்ட்டை மாட்டினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். மாட்டாவிட்டால் சாவியை எப்படித் திருகினாலும் அசையாது. கொர்ரென்று ஒரு சத்தம் போட்டு நடுத்தெருவில் மானத்தை வாங்கும். ஒருநாள் முன்சீட்டில் ஒரு பட்டுப்புடவைக் கட்டை வைத்துவிட்டார்கள். அதையும் ஓர் ஆள் என்று நினைத்து வண்டி முரண்டு பிடித்தது. புடவைக் கட்டுக்குப் பெல்ட் மாட்டிய பிறகுதான் கிளம்பியது. பாண்டி பஜாரே நின்று சிரித்தது.

முதலாளியின் ஒரே மகன் அய்யாதுரைக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் கொர்ர் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி ஒயரை வெட்டிவிடலாம் என்றான். வில்லியம்தான் குறுக்கே நின்றான்.

"வேணாம் தம்பி. உசிரக் காப்பாத்துற சாமான் அது. நான் இருக்கிறவரைக்கும் அதுல கை வெக்க வுட மாட்டேன்."

பதினாலு வருஷமாக அந்த வீட்டு வண்டி ஓட்டியவன். அய்யாதுரைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். அதனால் ஒயர் பிழைத்தது. பையன் வேறு விதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டான். பெல்ட் இருக்கிறது, எது நடந்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம் காலில் இறங்கியது.

எழுபத்தேழு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து திரும்பும்போது, "நீ அந்தப் பக்கம் போ வில்லியம், நான் ஓட்டுதேன்" என்றான். வில்லியம் வலது சீட்டுக்கு மாறினான். இரண்டு பேரும் பெல்ட் மாட்டினார்கள். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. அடையாறு வருவதற்குள் முள் எழுபதைத் தாண்டிவிட்டது. மெதுவா, மெதுவா என்று வில்லியம் கெஞ்சினான்.

"பெல்ட்தான் இருக்குல்லா? என்ன ஆயிரும்?"

பஸ் ஸ்டாப் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரக் கிழவி தாயம்மா அங்கேயே செத்துப்போனாள். வண்டி அவளையும் கூடையையும் தள்ளிக்கொண்டு போய் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் மோதி நின்றது. பெல்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அய்யாதுரைக்கு ஒரு பல்கூட ஆடவில்லை. கூட்டம் சேர்வதற்குள் இறங்கி நடந்துவிட்டான். வலது பக்கக் கண்ணாடியில் தலை மோதி மயங்கிக் கிடந்த வில்லியமைத்தான் ஜனங்கள் வெளியே இழுத்துப் போட்டார்கள். வலது பக்கத்துச் சீட்டில் இருந்தவன், அதிலும் வெள்ளைச் சட்டை போட்டவன், டிரைவராக இல்லாமல் வேறு யாராக இருப்பான்? தாயம்மாவின் மகள் வேம்பு அவன் முகத்தில் காறித் துப்பினாள். அவன் கண் விழித்தபோது, வண்டி ஓட்டியது வில்லியம் என்று போலீசார் எழுதி முடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஃப்ளோரன்ஸ் அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். வலது தோளில் ஆரம்பித்து, நெஞ்சைக் குறுக்கே கடந்து, இடது இடுப்பு வரைக்கும் இரண்டு அங்குல அகலத்தில் கன்றிப்போன ஒரு பட்டை, சாக்குக்கட்டியால் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. இத்தனை நாள் இடது தோளுக்கு ஒட்டுப் போட்டவள் அவள். டியூட்டி டாக்டரைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள்.

"எந்தத் தோள், எந்த இடுப்புன்னு நல்லாத் தெளிவா எழுதுங்க டாக்டர்."

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். அப்போது அவளுக்குப் பழிவாங்கும் எண்ணமெல்லாம் கிடையாது. போலீசிடம் காட்டினால் புருஷனை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். பழிவாங்கும் எண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் முதலாளிதான்.

நான்காம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தவனை, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீதான் ஓட்டுனேன்னு ஒத்துக்கிடு வில்லியம். மத்ததை நான் பாத்துக்கிடுதேன். எம்பிள்ளைக்கு வாழ்க்கை இருக்குல்லா?"

வில்லியம் தலையைக் குனிந்துகொண்டான். ஃப்ளோரன்ஸ் காப்பி டம்ளரோடு கதவருகே நின்றிருந்தாள். எம்பிள்ளைக்கு வாழ்க்கை இருக்கிறது. அப்படியானால் என் புருஷனுக்கு என்ன இருக்கிறது? பதினாலு வருஷமாக நாயையா வளர்த்தார் இவர்? காப்பியைக் கொடுக்காமலே உள்ளே போய் வாஷ்பேசினில் கொட்டினாள்.

முதலாளி போனதும் வில்லியம், "டாக்டர் சீட்டை எடுத்துக்கினு போய் ஸ்டேஷன்ல காட்டிடலாமா?" என்றான்.

"இப்ப காட்டினா இன்னா ஆவும் தெரியுமா? முழிச்சிக்குவாங்க. வேற டாக்டர், வேற சீட்டு, வேற கதைன்னு கட்டிடுவாங்க. பொறு. அவன் கூண்டுல ஏறட்டும். அவன் வாயாலயே சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

"சின்னப் பையன் ஃப்ளோரன்ஸ். என் கையால ஸ்டீயரிங் புடிக்கக் கத்துக்கினவன்."

"அந்தச் சின்னப் பையன் உன்னை அடிபட்ட இடத்துலயே வுட்டுட்டு ஓடினானே, அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்?"

அதன்பிறகு பதினோரு மாதம். வில்லியமின் லைசென்ஸ் போலீசிடம் கிடந்தது. மயிலாப்பூரில் ஒருவனும் அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. மீன் வாங்கப் போனால், கிழவியைக் கொன்ற டிரைவர் என்று காதுபடப் பேசினார்கள். வேம்பு வாரம் தவறாமல் அடையாற்றிலிருந்து நடந்தே வந்து, அவர்கள் வாசலில் மண்ணை வாரி எறிந்துவிட்டுப் போவாள். ஃப்ளோரன்ஸ் அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். தினமும் சாயங்காலம் கோயிலில் ஜெபம் சொல்வாள். தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். கடவுளிடம் பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

முதலாளியின் வக்கீல் அபிராமபுரம் சுந்தரராமன். கெட்டிக்காரர், ஆனால் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. நசுங்கிய வண்டி போலீஸ் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குப் போயிருந்த வில்லியமின் சீட்டு நகலைப் பார்த்ததும் அவர் குதித்தார்.

"பேஷ்! டிரைவருக்கு வலது தோள்ல பெல்ட் காயம்னு அவா ஆளே எழுதி வாங்கிண்டு வந்திருக்காளே! பையனுக்கு எந்தத் தோள்ல?"

"இடது தோளுலங்க" என்றார் சண்முகவேல். அவருக்கும் ஒரு நர்சிங்ஹோம் சீட்டு இருந்தது.

"அப்பறம் என்ன வேணும்? பையன் இடது சீட்டு, டிரைவர் வலது சீட்டு. பெல்ட் போடாம அந்த வண்டி கிளம்பவே கிளம்பாதுங்கறேள். மெஷினே நமக்கு சாட்சி சொல்றது!"

வலது பக்கம் இருப்பவன் டிரைவர். பிறந்ததிலிருந்து மெட்ராஸில் வண்டி பார்த்தவருக்கு அதில் சந்தேகம் வருமா? சண்முகவேலும் எப்போதும் பின்சீட்டில் சாய்ந்து வந்தவர். முன்னால் எது எந்தப் பக்கம் என்று அவர் எதற்குக் கவலைப்பட வேண்டும்? மகனுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கூண்டில் 'இடது சீட்டு' என்று சொன்னால் போதும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொய்யாக இருந்தால் பயந்துபோய் இரண்டு தடவை யோசித்திருப்பான். அவன் இடது சீட்டில் இருந்தது உண்மை. அதனால் அவன் மூளைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

வில்லியமின் பக்கம் பேசியவர் அவர்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் வக்கீல். கூச்ச சுபாவம், மெல்லிய குரல். கேஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் ஃப்ளோரன்ஸ் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இன்றைக்கே மனுப் போடலாமே என்றார். போட்டால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வேன் என்றாள்.

எழுபத்தெட்டு ஜனவரியில் சைதாப்பேட்டை கோர்ட்டில் விசாரணை நடந்தது. அரசாங்க வக்கீலுக்குக் கேள்விகளை எழுதிக்கொடுத்துவிட்டு சுந்தரராமன் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முதலில் வேம்பு ஏறினாள்.

"வலது பக்கத்துலேர்ந்து இந்த ஆளைத்தான் இஸ்து வெளிய போட்டாங்க. என் கண்ணால பாத்தேன்."

வண்டியில் பெல்ட் உண்டு, அதனால்தான் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று அரசாங்க வக்கீல் விளக்க ஆரம்பித்ததும் அவள் பொறுக்கவில்லை.

"உள்ள குந்திக்கினு கீறவனுக்கு பெல்ட்டு. ரோட்டுல குந்திக்கினு இருந்த எங்கம்மாவுக்கு இன்னா இருந்துச்சு சாமி?"

அவளை இறக்கி அனுப்பினார்கள். கூட்டத்துக்குப் பின்னால், கதவோரத்தில் போய் நின்றுகொண்டாள்.

அடுத்து அய்யாதுரை. புதுச் சட்டை, திருநீறு, அடக்கமான முகம். சொல்வது உண்மை என்று பிரமாணம் எடுத்தான். எந்தச் சீட்டில் இருந்தாய் என்று கேட்டார்கள். இடது சீட்டில் என்றான். பெல்ட் மாட்டியிருந்தாயா? மாட்டியிருந்தேன். காயம்? இடது தோளில். இரண்டு டாக்டர் சீட்டுகளையும் வாங்கிக் கேஸ் கட்டில் சேர்த்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆம்ப்ரோஸ் எழுந்தார். ஃப்ளோரன்ஸ் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டே கேள்வி தம்பி. விபத்து நடக்கிறவரைக்கும் நீங்க இடது சீட்லதான் இருந்தீங்க. வழியில எங்கயும் மாறலை. சரிதானே?"

"சரிங்க. மாறவே இல்லை."

"அந்த வண்டிக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?"



"சாட்சி பதில் சொல்லணும்" என்றார் மாஜிஸ்திரேட்.

வண்டியைப் பரிசோதித்த இன்ஸ்பெக்டரின் அறிக்கை கேஸ் கட்டிலேயே இருந்தது. இத்தனை நாள் ஒருவரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. ஆம்ப்ரோஸ் புரட்டி, ஸ்டீயரிங் இடது பக்கம் என்ற வரியை மாஜிஸ்திரேட்டுக்குக் காட்டினார். ஃப்ளோரன்ஸ் துணிப்பையிலிருந்து மூன்று வெள்ளைச் சட்டைகளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மூன்றிலும் ஒட்டு இடது தோளில் இருந்தது. மாஜிஸ்திரேட் ஒட்டைத் தடவிப் பார்த்தார், இரண்டு டாக்டர் சீட்டையும் மறுபடி படித்தார். பிறகு, தாயம்மாவின் சாவுக்கு இந்தச் சாட்சிதான் பதில் சொல்ல வேண்டும், அவன் கோர்ட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று போலீசாரிடம் சொன்னார்.

வராந்தாவில் சண்முகவேல் அவளை மறித்தார். முகம் கறுத்திருந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பேசாம இருந்தே? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேன்லா?"

"அதுக்குத்தான் சொல்லலை."

"பிள்ளை வாழ்க்கையே போச்சே தாயி!"

பதினோரு மாதம் நெஞ்சில் வைத்திருந்ததை அவள் அப்போதுதான் எடுத்தாள். "போவாது முதலாளி. உங்க பிள்ளைக்கு வாழ்க்கை இருக்கு. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தப்புறமும் இருக்கும்."

அவர் வழிவிட்டார். வில்லியம் தூணருகே நின்று அழுதுகொண்டிருந்தான். தனக்காக அழுதானா, அந்தப் பையனுக்காக அழுதானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும்.

கேட் அருகே வேம்பு காத்திருந்தாள். ஃப்ளோரன்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பதினோரு மாசம், அக்கா! உன் புருஷன் கை அழுவிப்போவணும்னு மண்ணை வாரி எறிஞ்சேன். உள்ள குந்திக்கினு பாத்துக்கினுதானே இருந்தே? என்னாண்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ அவங்க கடை வாசல்ல போய்க் கத்தியிருப்பே. நீ கத்தியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

வேம்பு அவளையே முறைத்தாள். கண் சிவந்திருந்தது. அறைவாளோ என்றுகூட ஃப்ளோரன்ஸ் நினைத்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தாள். வேம்பு பிடித்த கையை விடவில்லை.

"நான் பின்னால நின்னுக்கினு இருந்தேன். முன்னாடி ஒரே தலையா இருந்துச்சு. ஸ்டீயரிங் எந்தப் பக்கம்னு வக்கீலு கேட்டாரே, அப்ப அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

ஃப்ளோரன்ஸ் அவளை அங்கிருந்த கல் மேடையில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

"முதல்ல சிரிச்சிக்கினுதான் இருந்தான். கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அவன் ரெண்டு கையும் தானா மேல வந்துச்சு, ஸ்டீயரிங் புடிக்கிறாப்புல. கையைப் பாத்தான். எங்க உக்காந்திருந்தோம்னு அப்பதான் அவனுக்கே உறைச்சுது. அப்பனைப் பாத்தான். அப்பன் வக்கீலைப் பாத்தாரு. வக்கீல் தரையைப் பாத்தாரு. அப்புறம் அவன் மூஞ்சியில ரத்தமே இல்ல. வாயைத் தொறந்தான், மூடினான். உன் அம்மா பேரை மாஜிஸ்திரேட் சொன்னாரு பாரு, அப்ப கூண்டுக் கட்டையைப் புடிச்சிக்கினு அப்டியே உக்காந்துட்டான்."

வேம்பு ஒரு சொல் விடாமல் கேட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா சொல்லுக்கா" என்றாள்.