மதியம் ஒரு மணிப் பிழை

குவான்-லின் நான்கு மாதமாக ஒரே கணினி மெமரி ஜோடியைக் கட்டிக்கொண்டு மாரடித்தான். வேகம் எட்டாயிரம், டைமிங் படு இறுக்கம். என் சோதனையில் ஆறு மணி நேரம் பிழையில்லாமல் ஓடினால் சந்தைக்குப் போகும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அந்தத் திட்டம் வேறு குழுவுக்கு. தைவானின் சின்ச்சுவில் எங்கள் ஆய்வகத்தில் கையெழுத்துப் போடுவது நான்.

தினமும் மதியம் ஒரு மணி வாக்கில் பிழை விழுந்தது. எட்டுக்குத் தொடங்கினாலும் ஒரு மணிதான், பத்துக்குத் தொடங்கினாலும் ஒரு மணிதான்.

“பொட்டலம் பழசாயிடுச்சோ என்னவோக்கா,” என்றான். இயந்திரம் சொல்பேச்சுக் கேட்க அதன் தலையில் வைக்கும் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைச் சொல்கிறான். தேதி பார்த்துப் புதிது வாங்கி வைத்தான்.

“நீ இன்ஜினீயரா, பூசாரியா?”

“பாஸாகட்டும், பூசாரின்னே கூப்பிடுங்க.”

வியாழக்கிழமை எனக்குப் பல்வலி. பன்னிரண்டரைக்கு வழக்கம்போல விளக்கை அணைத்துவிட்டு முப்பது பேரும் மேசையில் தலைசாய்த்துக் குறட்டை விட்டார்கள். நான் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தேன். கழுத்தெல்லாம் வியர்த்தது. சே, பதினோரு வருஷமாக இங்கே தூங்குகிறேன், விளக்கோடு ஏசியையும் அணைக்கிறார்கள் என்று தெரியவே தெரியாது! ஒரு மணிக்கு என் கண்ணெதிரே திரையில் சிவப்பு வரி விழுந்தது.

ஏசி நின்று சூடேறித்தான் பிழை விழுகிறது என்று அவனை எழுப்பிச் சொன்னேன். துள்ளிக் குதித்தான்.

“அப்போ மெமரி மேல தப்பே இல்ல! ஏசி போட்டு ஓட்டுங்கக்கா.”

“வாங்குறவன் வீட்டுக்கு ஏசியையும் சேத்து அனுப்புவியா?”

“நாலு மாசம்க்கா...”

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ‘தேறவில்லை’ என்றே எழுதினேன். அன்று அவன் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டைமிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கடைசியாக ஒரு முறை என்று எட்டுக்கே ஓட்டினான். நான் முதல் நாளே புகார் சொல்லியிருந்ததால், பன்னிரண்டரைக்கு விளக்கு மட்டும் அணைந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் குவான்-லின் எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்தான்.

இருவரும் இருட்டில் வியர்த்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். ஒரு மணி தாண்டியது. ஒன்றேகால் தாண்டியது. கும்பிடாத சாமியையெல்லாம் நான் கும்பிட்டேன்.

ஒன்று இருபத்திரண்டுக்குச் சிவப்பு விழுந்தது.

என் கையிலிருந்த பேனாவை வாங்கி ‘தேறவில்லை’ என்று அவனே எழுதி, கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினான். “பல்வலி எப்படி இருக்குக்கா?” என்று கேட்டான்.