வருகிறவளின் மெத்தை

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவரைச் சுற்றித் தெருவே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, பெற்ற மூத்த மகள் படுக்கையறையில் தனியாக நின்று கட்டில் விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்மேல் போர்த்த நல்ல துப்பட்டி ஒன்று எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். வந்தவள் அலமாரிப் பக்கமே போகவில்லை.

விரிப்புக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. தங்கை, சின்னவள், வாங்கி அனுப்பிய மெத்தை.

பெரியவள் வாங்கித் தந்த மெத்தை, பச்சைக் கோடு போட்டது, பின்னறை வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றது, வேண்டாத விருந்தாளியை நிற்க வைத்த மாதிரி. சின்னவளுடையது கட்டிலில் ஒரு பக்கமாக நகர்ந்து தொங்கியது. அதன் மூலைக்கு அடியில் பழைய போர்வை ஒன்று பாதி நுழைந்திருந்தது. ஆட்கள் அப்பாவைத் தூக்கும்போது எல்லாம் இடம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சாவு வீட்டில் பார்க்கிற வேலையா இது என்று அவளுக்கே தோன்றத்தான் செய்தது. ஆனால் வயிறு எரிகிறபோது நேரம் காலம் யாருக்குத் தெரிகிறது? கடைசியில் அப்பா சின்னவள் மெத்தையில்தான் படுத்திருக்கிறார். அதுவும் போயிற்று.

அந்தப் பச்சைக் கோட்டு மெத்தையை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்லூரி ஆய்வகத்துக்குச் சாமான் வாங்கி, தட்டிப் பார்த்து, குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம் அவளுக்கு. அம்மாவுக்கு இடுப்பு, அப்பாவுக்கு முதுகு. பழைய பஞ்சு மெத்தை நடுவில் குழி விழுந்து, ராத்திரியில் அம்மா உருண்டுபோய் அப்பாமேல் இடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் ஊரில் ஒரு கடை விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மெத்தையிலும் மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பாள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கல். போகவே மாட்டேன் என்றால் களி. உரசிக்கொண்டு போகவேண்டும், அதுதான் பதம். கனத்த உடம்பும் ஒல்லி உடம்பும் சேர்ந்து படுக்கிற மெத்தை அல்லவா, இவர் புரண்டால் அவள் உருளக் கூடாது. அதற்காகப் புருஷனை மறுபக்கம் படுக்கவைத்துப் புரளச் சொன்னாள். நடுக்கடையில் அந்த மனுஷன் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு புரண்டார். எழுந்திருக்கும்போது ஓரம் சரியக் கூடாது என்று ஓரத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். கடைக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடைசியில் உள்ளே தென்னை நாரும் மேலே ரப்பருமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பத்து வருஷம் உழைக்கும். அப்பா உட்கார்ந்து பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான். அவ்வளவுதான் சொன்னார்.

சில மாதம் கழித்துச் சின்னவள் தானிருந்த ஊரிலிருந்தே போனில் விரலால் இரண்டு தட்டு தட்டி ஒரு மெத்தையை அனுப்பினாள். சுருட்டிப் பெட்டிக்குள் வந்தது. பிரித்ததும் கூடத்திலேயே உப்பி எழுந்ததாம். கிழவனும் கிழவியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களாம். அம்மா அதைப் போனில் சொல்லும்போது குழந்தை மாதிரி சிரித்தாள். பெரியவள் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். சின்னவள் செய்தால் அதிசயம், பெரியவள் செய்தால் கடமை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுதான்.

ஆனால் ஒரு ஆறுதல் இருந்தது. மாதம் ஒருமுறை பெரியவள் வரும்போதெல்லாம் கட்டிலில் பச்சைக் கோடுதான் இருந்தது. சாம்பல் மெத்தை பின்னறையில் சுவரைப் பார்த்து நின்றது. ஒவ்வொரு தடவையும் விரிப்பை ஒதுக்கிப் பார்ப்பாள், ஒன்றும் பேசாமல் காபி குடிப்பாள், ஊருக்குப் போகிறவரை மனசு குளுகுளுவென்று இருக்கும். அக்காவும் தங்கையும் ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் வந்து பல வருஷம் ஆகிறது.

நேற்று சாயங்காலம் சின்னவள் போன் செய்தாள். தான் போன வாரம் ஊருக்குப் போய் வந்ததைச் சொன்னாள். பேச்சுவாக்கில், "அம்மா என் மெத்தையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கிறாங்கக்கா" என்றாள். பெரியவளுக்குத் தூக்கம் போயிற்று. பொய் சொல்கிறாள், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று காலையில் லீவு போட்டாள். கிளம்பும்போது வழக்கம்போல அப்பாவுக்குப் போன் செய்து மதியம் வருகிறேன் என்றாள். திடீரென்று என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை. "வாம்மா, வா" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியபோது வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன.

படுக்கையறை வாசலில் நிழலாடியது. எதிர்வீட்டுத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பின்பக்கக் குழாய்க்குப் போக வழியை மெத்தை மறிக்கிறது, நகர்த்த வேண்டும் என்றார். பச்சைக் கோட்டு மெத்தையின் ஒரு பக்கத்தைப் பழகிய கையோடு பிடித்தவர், நின்று யோசித்தார்.

"தங்கச்சி இப்ப வந்துடுவாங்க இல்லம்மா? அப்ப கட்டில்ல அவங்களோடது அப்படியே இருக்கட்டும். உங்களோடதை உள்ளே வெச்சிடலாம்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"அப்படித்தானே எப்பவும்? யார் வர்றாங்களோ அவங்க மெத்தை" என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரியாதென்று அவருக்குத் தெரிந்தது. நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். முதல் நாள் சாயங்காலமே அப்பா வந்து கூப்பிடுவார் என்றும், ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்பார்கள் என்றும், இன்றைக்குப் பார்த்துத் தான் நூல் வாங்கப் போய்விட்டதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

பெரியவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மூலைக்கு அடியில் நுழைந்திருந்த போர்வை. அப்பா லாரி ஆபீசில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். கனமான சாமானைத் தூக்காதே, அடியில் துணியைக் கொடுத்து இழு என்பார். வீட்டில் பீரோவை அப்படித்தான் நகர்த்துவார். அவள் சின்னப் பிள்ளையாக அந்தத் துணியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அம்மா கூடத்தில் அழுது ஓய்ந்து, அடுக்களையில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருந்தாள். பெரியவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"என் போன் வந்ததும்தான் மெத்தையை மாத்த எழுந்தாராம்மா?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "தையல்காரர் வந்துடட்டும், இருங்கன்னேன். கேக்கலே. பெரியவ பார்த்தா மனசு வாடிடும்னார். உன்னோடதை இழுத்துட்டு வந்து வெச்சுட்டார். கட்டில்ல கிடந்ததை இழுக்கும்போது, கொஞ்சம் தண்ணி குடுன்னார். நான் இங்கே வந்து மொண்டுட்டுப் போறதுக்குள்ளே..."

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், அப்பாவும் இருந்திருப்பார். அப்படியும் அந்தப் பாழாய்ப்போன கேள்வி நாக்கை விட்டு இறங்கவில்லை. "யாரும் வராத நாள்ல எதுலம்மா படுப்பீங்க?"

"கடைசியா யார் வந்துட்டுப் போனாங்களோ அவங்களோடதுல. திரும்ப மாத்த யாருக்குடி தெம்பிருக்கு?"

சின்னவள் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒட்டிப் பிறந்த மாதிரி அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள். பிறகு முகம் கழுவ உள்ளே போனவள், கட்டிலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, கடைசியா இதுலதான் படுத்திருந்தாரா?"

அதுவரை பெரியவள் வாயிலிருந்து தங்கைக்கு விட்டுக்கொடுத்து ஒரு சொல் வந்தது கிடையாது. இப்போதோ, நடந்ததைச் சொன்னால் பழியில் பாதியை அவள் தலையிலும் இறக்கிவிடலாம். உன் மெத்தை வராமலிருந்தால் என்று ஆரம்பித்தாலே போதும். அது நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமா. இதுலதான்" என்றாள் பெரியவள். "நல்லா தூங்கினாராம்."

சின்னவள் மெத்தையைத் தடவிக்கொடுத்தாள். அதைப் பார்த்தபோது பெரியவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். போர்வையை மூலையிலிருந்து உருவி, மடித்து, கட்டில் கால்மாட்டில் வைத்தாள்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்தது. வீட்டுப் பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு நின்றார்கள். தையல்காரர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, யாரும் சரியாகக் குடிக்கவில்லை. விளக்கு வைத்த நேரத்தில் அம்மாவைக் கொஞ்சம் படுக்கச் சொன்னார்கள். இரண்டு மகள்களும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அறைக்குள் அழைத்து வந்தார்கள்.

அம்மா வாசல்படியில் நின்றாள். கட்டிலில் கிடந்த சாம்பல் மெத்தையைப் பார்த்தாள். பின்னறைக்குள் தெரிந்த பச்சைக் கோட்டைப் பார்த்தாள். வலப்பக்கம் நின்ற பெரியவளைப் பார்த்தாள், இடப்பக்கம் நின்ற சின்னவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று அவளும் அவரும் பேசி வைத்திருக்கவில்லை. மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டு, கால்மாட்டிலிருந்த பழைய போர்வையை எடுத்து உதறித் தரையில் விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மெத்தை இருக்கும்போது ஏம்மா தரையில..." என்று சின்னவள் குனிந்தாள்.

"விடு" என்றாள் பெரியவள். "தூங்கட்டும்."

அம்மாவின் அருகில் மண்டியிட்டு, அவள் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள். கை தாராளமாகப் போயிற்று. தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து, கைக்குப் பதிலாக அங்கே செருகினாள். திரும்பக் கையை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. தங்கையைப் பார்க்காமலே, அவள் துண்டுக்காகக் கையை நீட்டினாள்.